வெளியே கரி, உள்ளே பச்சை: பார்பிக்யூவில் முதல் தடவை கை வைப்பவர்களுக்கு

கேள்வி, ஜனவரி 6, இரவு 9.12

மூடி போட்ட கரி அடுப்பு ஒன்று வாங்கி இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டேன். இரண்டு தடவையும் கோழிக்கால் வெளியே கருகிவிட்டது, கடித்தால் எலும்பு ஓரத்தில் பச்சை. மசாலா எட்டு மணி நேரம் ஊறுகிறது. இன்னும் ஊற வேண்டுமா, எண்ணெய் போதவில்லையா, இல்லை கரிதான் மட்டமா? சரியான மசாலா அளவு யாராவது சொன்னால் நல்லது.

ஜனவரி 6, இரவு 10.05

மசாலாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கரியை அடுப்பின் அடி முழுக்கப் பரப்பி, நேர் மேலே கோழியை அடுக்கியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கே நகர்த்தினாலும் கீழே நெருப்பு, கறிக்கு ஒதுங்க இடமில்லை. தோல் கருகப் பத்து நிமிடம் போதும், எலும்பு வரை சூடு போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆகும். எண்ணெயை எவ்வளவு தடவினாலும் இந்தக் கணக்கு மாறாது.

கரி மொத்தத்தையும் அடுப்பின் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். மறுபாதி வெறும் தரை. கோழியை அந்த வெறும் பக்கத்துக்கு மேலே வைத்து மூடியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். மூடிக்குள் சூடான காற்று சுற்றிச் சுற்றி வந்து கறியை வேக வைக்கும். முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் கழித்து, உள்ளே வெந்த பிறகு, நெருப்புப் பக்கம் இழுத்து இரண்டு புறமும் சில நிமிடம் வாட்டி நிறம் ஏற்றுங்கள். நீங்கள் முதலில் கருக்கிவிட்டு அப்புறம் வேகுமா என்று பார்க்கிறீர்கள். அதைத் தலைகீழாக்கினால் போதும்.

ஜனவரி 6, இரவு 10.31

இன்னொன்று விட்டுப்போச்சு. கரி பற்றிக்கொண்டதும் கறியை வைத்துவிடுகிறீர்களா? தீ நாக்கு ஆடும்போது வைக்கக் கூடாது. நீறு பூத்த நெருப்பு என்று சொல்வோமே, அந்தப் பதம்தான் வேண்டும். மேலே வெள்ளைச் சாம்பல் போர்வை மாதிரி மூடியிருக்கும், உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். பார்த்தால் அணைந்த மாதிரி தெரியும், பக்கத்தில் போனால்தான் அனல் புரியும். முதல் தடவை நான் அதை அணைகிறது என்று நினைத்து மேலே இன்னொரு பிடி கரியைக் கொட்டினேன். திரும்ப அரை மணி நேரம் புகை.

சிம்னி என்று ஒரு தகர உருளை கிடைக்கும், அடியில் ஓட்டை போட்டது, பக்கவாட்டில் கைப்பிடி. மேல் தட்டில் கரி, கீழே கசக்கிய காகிதம். பதினைந்து இருபது நிமிடத்தில் மேல் கரி வரை சாம்பல் பூத்துவிடும், கவிழ்த்துக் கொட்ட வேண்டியதுதான். இந்த வேலையில் நான் வாங்கிய சாமான்களில் முதலில் வாங்கியிருக்க வேண்டியது இதுதான், வாங்கியதோ கடைசியில்.

ஜனவரி 7, காலை 7.50

பற்ற வைக்கும் திரவம் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கென்றே விற்கும் திரவத்தை, பற்ற வைப்பதற்கு முன்னால், சொன்ன அளவு ஊற்றி, அது முழுக்க எரிந்து தீரும் வரை காத்திருந்தால் ஆபத்தில்லை. ஆனால் யாரும் காத்திருப்பதில்லை, அதனால் கறியில் மண்ணெண்ணெய் வாடை. பெட்ரோல் பக்கம் போகவே போகாதீர்கள்.

எரிகிற கரி மேல் எதையும் ஊற்றாதீர்கள். கரி மந்தமாக இருக்கிறதே என்று நான் ஒருதரம் பாட்டிலைச் சாய்த்தேன். தீ ஊற்றிய வழியிலேயே ஏறி வந்தது. புருவத்தில் பாதி போனது, கை மயிர் பொசுங்கிய நாற்றம் அன்று முழுக்கப் போகவில்லை, பாட்டில் கையில் வெடிக்காதது என் அதிர்ஷ்டம். என் மனைவி இன்றைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் நான் எந்தப் பாட்டிலைத் தொட்டாலும், தண்ணீர் பாட்டிலாக இருந்தாலும், ஒரு பார்வை பார்ப்பாள்.

காகிதத்தில் கொஞ்சம் சமையல் எண்ணெயைத் தடவிச் சுருட்டி சிம்னிக்கு அடியில் வையுங்கள். நின்று எரியும், வாடையும் இல்லை.

ஜனவரி 7, மாலை 6.20

சூடு எவ்வளவு இருக்கிறது என்பதற்குக் கை போதும். கம்பித் தட்டுக்கு மேலே ஒரு சாண் இல்லை, அதில் பாதி, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் நல்ல அனல், மெல்லிய துண்டுகளுக்குச் சரி. ஐந்து வரை தாங்கினால் நடுத்தரம். எட்டு பத்து வரை சும்மா நிற்க முடிந்தால் மெதுவான சூடு. மூடியில் பதித்திருக்கும் சூடு காட்டும் முள்ளை நம்பாதீர்கள், அது மூடிக்குப் பக்கத்தில் உள்ள காற்றைச் சொல்கிறது, கறி கிடக்கிற இடத்தை இல்லை.

ஜனவரி 9, இரவு 11.02

எலும்பு ஓரத்துச் சிவப்பைப் பற்றி. கேட்டவர் பச்சை என்று சொன்னது உண்மையிலேயே பச்சையாகத்தான் இருந்திருக்கும், பத்து நிமிடத்தில் அது வெந்திருக்காது. ஆனால் நாளைக்கு ஒழுங்காக வேக வைத்த பிறகும் எலும்பை ஒட்டிச் சிவப்புத் தெரியலாம், அப்போது பயந்து மறுபடி கருக்கிவிடாதீர்கள். இளங்கோழியின் எலும்பு முழுசாக முற்றியிருக்காது, மஜ்ஜையின் நிறம் கசிந்து சதையில் இறங்கும். நிறத்தை வைத்து வெந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது. வடிகிற சாறு தெளிவாக வந்தால் சரி என்பதும் அப்படித்தான், சில நேரம் பலிக்கும்.

குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கோழிக்கு உள்ளே 74 டிகிரி செல்சியஸ், எந்த வயது, எந்தத் துண்டு என்றாலும். கொத்துக்கறி உருண்டை, பர்கர் எல்லாம் 71, ஏனென்றால் வெளியில் இருந்த கிருமியை அரைக்கும்போது உள்ளே கலந்துவிடுகிறோம். ஆடு, மாடு, பன்றி முழுத் துண்டாக இருந்தால் 63, எடுத்து மூன்று நிமிடம் சும்மா விட வேண்டும். மீனுக்கும் 63. பன்றிக்கு முன்பு 71 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அமெரிக்க வேளாண் துறை 2011-இல் அதை 63 ஆக்கியது. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு சமைப்பவர்களுக்குப் பன்றிக்கறி செருப்புத் தோலாக வருவதற்கு அது ஒரு காரணம்.

கோழியில் ஒரு சூட்சுமம். நெஞ்சுக்கறி 74-ஐத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும், தாண்டத் தாண்டப் பஞ்சு. காலும் தொடையும் 74-இல் ஆபத்தில்லாமல் இருக்கும், ஆனால் ரப்பராக இழுக்கும், 80, 85 வரை விட்டால்தான் சவ்வு கரைந்து பதமாகும். பெருமைக்குச் சொல்லவில்லை, என் நெஞ்சுக்கறி காய்ந்து போனதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. தெர்மாமீட்டர் 74 காட்டும், எடுப்பேன், அவ்வளவுதான்.

ஜனவரி 9, இரவு 11.09

சதை தடிமனாக இருக்கும் இடத்தில் குத்துங்கள், எலும்பைத் தொடாமல். எலும்பில் பட்டால் எண் தப்பாக வரும்.

ஜனவரி 11, மதியம் 2.15

மூடியும், அடியிலும் மூடியிலும் உள்ள காற்று ஓட்டைகளும். இதில்தான் நான் அதிக நாள் முட்டாளாக இருந்தேன், அதனால் நீளமாக எழுதுகிறேன், அவசரமாக இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

வீட்டு அடுப்பில் பாத்திரம் பொங்கினால் மூடியைத் திறப்போம், அடங்கும். அந்தப் பழக்கத்தில் கரி அடுப்பிலும் சூடு கூடினால் மூடியைத் திறந்து வைத்தேன். திறந்ததும் காற்று கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருக்கும், முள் இறங்கும், நானும் திருப்தியாகப் போய் உட்கார்வேன். ஐந்து நிமிடத்தில் கரி முன்னைவிடச் சிவந்து கிடக்கும். நெருப்புக்குச் சாப்பாடு காற்று. மூடியைத் திறப்பது அதற்கு விருந்து வைப்பது. சூடு குறைய வேண்டுமானால் மூடியைப் போட்டு அடி ஓட்டையைப் பாதி சாத்துங்கள். கூட வேண்டுமானால் அகலத் திறங்கள். மேல் ஓட்டையை நான் எப்போதும் திறந்தேதான் வைக்கிறேன், அதை அடைத்தால் புகை உள்ளேயே தேங்கி கறி கசக்கும். அந்த மேல் ஓட்டை கறி இருக்கும் பக்கம் வருகிற மாதிரி மூடியைத் திருப்பி வையுங்கள், அப்போதுதான் சூடு கரியிலிருந்து கிளம்பி கறியைத் தாண்டி வெளியேறும்.

எல்லாம் முடிந்து இரண்டு ஓட்டையையும் அடைத்தால் நெருப்பு மூச்சு முட்டி அணைந்துவிடும். மிச்சக் கரியை அடுத்த தடவை பயன்படுத்தலாம். பல மாதம் நான் அதைத் தானாக எரிந்து தீர விட்டேன்.

இந்த உருண்டை மூடி அடுப்பின் கதை எனக்குப் பிடிக்கும். 1952-இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், சிகாகோவில் வெபர் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்தவர், திறந்த அடுப்பில் காற்றும் மழையும் படுத்திய பாட்டில் சலித்துப்போய், அங்கே செய்துகொண்டிருந்த, தண்ணீரில் மிதக்கவிடும் உலோக மிதவையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதி சட்டி, மேல்பாதி மூடி என்று ஆக்கினார். அந்த வடிவம்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஜனவரி 11, மதியம் 2.40

"மூடியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்" என்று முதலில் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். தடித்த துண்டுகளுக்குத்தான் அது. விரல் தடிமனுக்கும் குறைந்த துண்டு, இறால், மெல்லிய மீன் இவற்றுக்கு மூடியே வேண்டாம், நேர் நெருப்பில் திறந்து வைத்து, பக்கத்திலேயே நின்று புரட்டி எடுங்கள். மூடி போட்டால் நிறம் வருவதற்குள் உள்ளே வெந்து தீர்ந்துவிடும்.

ஜனவரி 12, இரவு 8.44

கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்புகிறதே, தண்ணீர் தெளிக்கலாமா என்று கேள்வி. வேண்டாம். சாம்பல் பறந்து கறி மேல் உட்காரும், கொழுப்பு அதிகம் தேங்கியிருந்தால் தண்ணீர் பட்டதும் தீ தெறிக்கும். கேஸ் அடுப்பில் தேங்கிய கொழுப்பு எரியும்போது தண்ணீர் ஊற்றுவது இன்னும் ஆபத்து. கறியை இடுக்கியால் வெறும் பக்கம் நகர்த்தி மூடியைப் போடுங்கள், அரை நிமிடத்தில் அடங்கும். வெறும் பக்கம் என்று ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

தொங்கும் கொழுப்பை முன்னாலேயே நறுக்கிவிட்டால் பாதிச் சண்டை இல்லை. கருகிப்போன ஓரங்களையும் வெட்டிப் போட்டுவிடுங்கள், ருசியும் இல்லை, உடம்புக்கும் ஆகாது.

ஜனவரி 14, காலை 10.30

சரி, மசாலா. கேட்டவர் முதல் நாளிலிருந்து இதற்காகத்தான் காத்திருக்கிறார்.

எட்டு மணி நேரம் ஊறினால் மசாலா உள்ளே இறங்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். இறங்குவது உப்பு ஒன்றுதான். மிளகாய், மஞ்சள், பூண்டு, எண்ணெய் எல்லாம் மேல்தோலிலிருந்து சில மில்லிமீட்டர் தாண்டாது. ஒருநாள் ஊறிய தொடைக்கறியை நான் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். வெளியே செக்கச்செவேல் என்று ஒரு கோடு, அதுவும் நகத்தின் தடிமன்கூட இல்லை, உள்ளே வெறும் வெள்ளைக் கோழி. ஆனால் நடுவில் ஒரு துணுக்கை வேக வைத்து வாயில் போட்டால் உப்பு தெரிந்தது.

அதனால் இரண்டையும் பிரித்துவிட்டேன். உப்பை மட்டும் முதல் நாள் இரவே தடவி, மூடாமல் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுவேன். எலும்பு நீங்கலாக ஒரு கிலோ கறிக்கு 10 அல்லது 12 கிராம். முதலில் தண்ணீர் விடும், அப்புறம் அந்த உப்புத் தண்ணீரை அதுவே திரும்ப இழுத்துக்கொள்ளும். காலையில் தோல் காகிதம் மாதிரி காய்ந்திருக்கும், அதுதான் வேண்டும். மற்ற மசாலா நெருப்பில் வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவினாலும் ஒன்றுதான்.

எலுமிச்சை, வினிகர் இவற்றில் ராத்திரி முழுக்கப் போட்டு வைப்பவர்கள் கவனியுங்கள். புளிப்பு மேல்சதையை மாவாக்கிவிடும். மீனுக்கு அரை மணி நேரமே அதிகம்.

பச்சைக் கறி ஊறிய தண்ணீரை வெந்த கறி மேல் தடவாதீர்கள். தடவ வேண்டுமென்றால் முதலிலேயே தனியாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். இடுக்கியும் தட்டும்கூட பச்சைக்கு ஒன்று, வெந்ததற்கு ஒன்று.

ஜனவரி 14, காலை 10.42

தேன், சர்க்கரை, இனிப்பு சாஸ் எல்லாம் கடைசி ஐந்து பத்து நிமிடத்தில். முன்னாலேயே தடவினால் கோழி வேகும் முன்னே சர்க்கரை கரியாகிவிடும். உங்கள் மசாலாவில் சர்க்கரை இருக்கிறதா? இருந்தால் "சம்பந்தமே இல்லை" என்று நான் முதல் நாள் சொன்னதில் கால்வாசியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 17, இரவு 9.58

"முதலில் நல்ல அனலில் இரண்டு புறமும் வாட்டினால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும், நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள்" என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். இந்தப் பூட்டுக் கதை 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் காலத்திலிருந்து ஓடுகிறது. பெரிய ஆள்தான், இதில் மட்டும் தப்பு. வாட்டிய கறியைத் தட்டில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், தட்டில் சாறு தேங்கியிருக்கும். பூட்டியிருந்தால் அது எப்படி வந்தது? அனலில் வைத்ததும் சொய்ங் என்று கேட்கிறதே, அதுவே சாறு போகிற சத்தம்தான்.

வாட்டுவது ருசிக்கு. மேற்பரப்பு 140 டிகிரி சுமாருக்குப் போனதும் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி அந்த மணம் வருகிறது. மையார் வினை என்று பெயர், 1912-இல் அதை எழுதிய பிரெஞ்சுக்காரரின் பெயரால். இதில் சமையல்காரனுக்கு வேண்டிய ஒரே விஷயம் என்னவென்றால், மேலே ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாத வரை நிறம் ஏறாது, வெளுத்து அவிந்துதான் கிடக்கும். அதனால் நெருப்பில் வைக்கும் முன் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி எடுங்கள். ஊறல் சொட்டச் சொட்ட வைப்பதற்கும் ஒற்றி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் முதல் இரண்டு நிமிடத்திலேயே கண்ணுக்குத் தெரியும்.

மெல்லிய துண்டுக்கு முதலில் வாட்டினாலும் பிறகு வாட்டினாலும் பெரிய பேதம் இல்லை. சண்டை போட்டவர் அந்த மட்டில் ஜெயித்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 18, காலை 6.35

"நீங்கள் சொல்வது கிரில், பார்பிக்யூ இல்லை" என்று இன்னொருவர். சரிதான், அமெரிக்காவின் தென்பகுதிக்காரரிடம் போய் இதைப் பார்பிக்யூ என்று சொன்னால் அவரும் ஒத்துக்கொள்ள மாட்டார், அங்கே மணிக்கணக்காகப் புகையில் கிடந்தால்தான் பார்பிக்யூ. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நெருப்பு மேல் எதை வாட்டினாலும் பார்பிக்யூதான். சொல்லே கரீபியத் தீவுகளில் கறியை வைத்து வாட்டிய மரச்சட்டத்தின் பெயர், ஸ்பானியர்கள் பார்பகோவா என்று எடுத்துப் போனது. நமக்குச் சுடுவது, வாட்டுவது, அனலில் போடுவது என்று ஏற்கெனவே மூன்று இருக்கிறது. எதையாவது சொல்லிக்கொள்ளுங்கள், கோழி வேக வேண்டும்.

ஜனவரி 20, இரவு 10.16

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது: "முழுத்துண்டுக்கு 63 போதும் என்கிறீர்கள், மாட்டின் மார்க்கறியை 93, 95 வரை வைக்கச் சொல்கிறார்களே, எது சரி?" இரண்டும் சரி. 63 ஆபத்தில்லை என்பதற்கான எண். 95 மென்று தின்ன முடியும் என்பதற்கான எண். மார்பு, தோள் மாதிரி உழைத்த தசையில் சவ்வு அதிகம், 70 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அது வேகம் பிடித்துக் கரையும், அதுவும் மணிக்கணக்கில். 63-இல் எடுத்தால் சாப்பிடலாம், தாடை வலிக்கும்.

இதை நான் ஒரே ஒருதரம்தான் செய்தேன். விடிகாலை ஐந்து மணிக்கு ஏற்றினேன், அடுப்பு 110, 120 டிகிரியில் நிதானமாக ஓடியது, மதியத்துக்குள் உள்ளே 68. ஆகா, சாயங்காலம் சாப்பாடு என்று அக்கா குடும்பத்துக்கு போன் போட்டு வரச் சொல்லிவிட்டேன். அப்புறம் ஒரு மணி நேரம், 68. இன்னொரு மணி நேரம், 69. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று வேறு இடத்தில் குத்தினேன், அங்கேயும் 68. பதற்றத்தில் கரியை அள்ளிப் போட்டேன், அடுப்பு 170-க்குப் போனது, வெளியே ஓடு மாதிரி ஆகிவிட்டது. அக்கா பிள்ளைகள் எட்டரை மணிக்குப் பழம் சாப்பிட்டார்கள். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, கைக்கடிகாரத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்.

பின்னால்தான் தெரிந்தது, 65-இலிருந்து 75-க்குள் எங்கேயோ இப்படி நிற்பது சகஜம். கறியிலிருந்து ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது, நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்வதைப் போலக் கறியும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது, அடுப்பு கொடுக்கிற சூடும் அது இழக்கிற சூடும் சமமாகி எண் அசையாமல் கிடக்கிறது. மேல் ஈரம் வற்றினால் தானாக ஏறும். பொறுக்க முடியாவிட்டால் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிவிடுங்கள், வியர்வை நின்றதும் ஏறிவிடும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்தப் பக்கமே இப்போதைக்கு வராதீர்கள். வந்தால் சாப்பிட ஆள் கூப்பிடாதீர்கள்.

ஜனவரி 21, காலை 8.05

வேறொரு பேச்சில் நான், மரத்துண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் புகை நன்றாக வரும் என்று சொல்லியிருந்தேன். தப்பு. மரம் தண்ணீரை உள்ளே இழுப்பது மிகக் குறைவு. ஒருமணி நேரம் ஊறியதைப் பிளந்து பார்த்தேன், உள்ளே எலும்பாகக் காய்ந்து கிடந்தது. முதலில் வருவது நீராவி, அது போன பிறகுதான் புகை. காய்ந்ததையே ஒன்றிரண்டு துண்டு போடுங்கள்.

வெள்ளையாகக் குபுகுபு என்று வரும் புகை கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலம் பூசினாற்போல வருவதுதான் நல்ல புகை. பிசின் உள்ள மரம், பெயின்ட் அடித்த பலகை, மருந்து ஏற்றிய மரம் எதையும் போடாதீர்கள்.

ஜனவரி 24, மாலை 5.40

மழை வந்தால் அடுப்பை உள்ளே தூக்கி வந்துவிடலாமா என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார், அதனால் இதை மட்டும் சிரிக்காமல் எழுதுகிறேன். கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது, கார் ஷெட்டிலும் கூடாது, கூடாரத்துக்குள்ளும் கூடாது. கனலும் கரி கார்பன் மோனாக்சைடு விடும், மணம் கிடையாது, நிறம் கிடையாது, தலைவலி, மயக்கம் என்று தொடங்கி எழுந்திருக்க முடியாமல் போகும். அணைந்த மாதிரி தெரியும் நீறு பூத்த கரியும் அதே வாயுவைத்தான் விடுகிறது. குளிருக்கு இதமாக இருக்கும் என்று அறைக்குள் வைத்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மழை வந்தால் கறியை உள்ளே கொண்டுபோய் வீட்டு அடுப்பில் முடியுங்கள்.

சாம்பலும் அப்படித்தான் ஏமாற்றும். மறுநாள் காலையில் ஆறியிருக்கும் என்று பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டியின் அடி உருகித் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முழுக்க ஆற விடுங்கள், இல்லை மூடி போட்ட தகர வாளியில் போட்டு வையுங்கள்.

கேஸ் அடுப்புக்காரர்களுக்கு ஒரு வரி: பற்ற வைக்கும்போது மூடி திறந்திருக்க வேண்டும், குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

ஜனவரி 25, இரவு 9.20

கம்பியில் ஒட்டுகிறது என்றால் பெரும்பாலும் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். பொருக்கு கட்டியதும் கறி தானே விடும். இடுக்கியால் மெல்லத் தூக்கிப் பார்த்து வரவில்லை என்றால் இன்னும் ஒரு நிமிடம். கம்பி பத்து நிமிடம் நன்றாகக் காய வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், எண்ணெயைக் கறியில் தடவ வேண்டும்.

சுத்தம் செய்ய கம்பி பிரஷ் வேண்டாம். அதன் இழை உதிர்ந்து தட்டில் ஒட்டி, கறியோடு தொண்டைக்குள் போய் அறுவை சிகிச்சை வரை போனதுண்டு, அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2012-இல் இதைப் பற்றித் தனியாக எச்சரித்தது. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சூடான கம்பி மேல் அழுத்தித் தேய்க்கிறேன். போகாததற்கு அலுமினியத் தாளைப் பந்தாகச் சுருட்டி இடுக்கியில் பிடித்துத் தேய்ப்பேன்.

ஜனவரி 28, மதியம் 1.10

காய்கறி சாப்பிடுபவர்களுக்கு ஒன்றுமே இல்லையா என்று கோபமாக ஒரு கேள்வி. நியாயம். சொல்லப்போனால் ஆரம்பிப்பவர்கள் காய்கறியில் ஆரம்பித்தால் பயமில்லை, கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் கோழி மாதிரி ஆபத்தில்லை.

குடைமிளகாய், வெங்காய வட்டம், காளான், மக்காச்சோளம் எல்லாம் நேர் நெருப்பில் சில நிமிடம். வெங்காயத்தின் வேர்ப்பக்கத்தை வெட்டாமல் நாலாகப் பிளந்தால் இதழ் இதழாகக் கம்பிக்குள் விழாது. உருளைக்கிழங்கை முக்கால் பதம் அவித்துவிட்டு வாட்டுங்கள். கத்தரிக்காயை முழுசாகக் கங்கிலேயே போடலாம், நாலு இடத்தில் குத்திவிட்டு. குத்தாமல் போட்டால் வெடிக்கும், என் வீட்டுச் சுவர் சாட்சி.

குச்சியில் கோர்க்கும்போது ஒரு தொல்லை, குச்சியைத் திருப்பினால் குச்சி மட்டும் திரும்பும், துண்டு அப்படியே கிடக்கும். இரண்டு குச்சியை இணையாகக் குத்துங்கள், அல்லது தட்டையான இரும்புக் கம்பி. மரக்குச்சியை அரை மணி நேரம் ஊறவைத்தாலும் நுனி கருகத்தான் செய்கிறது. ஊறவைப்பதில் எனக்கு மொத்தமாகவே நம்பிக்கை போய்விட்டது.

பிப்ரவரி 2, இரவு 8.30

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். தோல் பொன்னிறம், எலும்பு ஓரம் வெந்திருக்கிறது, 83 டிகிரியில் எடுத்தாராம். உப்பு போட மறந்துவிட்டாராம். முதல் நாள் இரவே தடவ வேண்டும் என்று நினைத்து, தூங்கிப்போய், காலையில் தடவிவிட்டதாகவே நினைத்துக்கொண்டாராம். மேலே தூவிச் சாப்பிடுங்கள், ஒன்றும் குடிமுழுகவில்லை. மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான்.

பிப்ரவரி 5, இரவு 11.47

தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது என ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதும் முன் நானே செய்து பார்த்துவிடலாம் என்று ஒரு டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், கொஞ்சம் தண்ணீர், கலக்கி இரண்டு நிமிடம் விட்டு முனையைப் பக்கத்தில் படாமல் நடுவில் பிடித்தேன். 0 காட்ட வேண்டும். 3 காட்டியது. கொதிக்கிற தண்ணீரில் 103. (மலை மேல் இருப்பவர்களுக்குக் கொதிநிலையே குறையும், 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி, ஐஸ் சோதனையை நம்புங்கள்.)

அதாவது இத்தனை நாளாக நான் 74 என்று எடுத்ததெல்லாம் 71. அதில் அரை நிமிடம் நின்றாலே கிருமி செத்துவிடும், எடுத்த பிறகும் உள்ளே கொஞ்சம் ஏறும், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே எழுதிய எண்கள் எதையும் மாற்ற வேண்டாம், உங்கள் கருவியைச் சோதித்துக்கொண்டு அதே 74-இல் எடுங்கள். ஜனவரி 9-இல் நெஞ்சுக்கறி பற்றி அடித்துக்கொண்ட பெருமையை மட்டும் வாபஸ் வாங்குகிறேன். பேட்டரி மாற்றிப் பார்த்துவிட்டேன், அப்போதும் 3.